எல்லாமே முக்கியம்

செய்தித்தாளை மடியில் விரித்து, அதற்கு நேர் மேலே போனைப் பிடித்து, 'டிக்' என்று ஒரு படம். பக்கத்தைத் திருப்பி இன்னொன்று. என் மாப்பிள்ளை பேப்பர் படிக்கிற லட்சணம் இது. படித்தீர்களா என்று கேட்டால், "சேவ் பண்ணிட்டேன் மாமா" என்பார்.

முடிவெட்டும் கடைச் சுவரில் ஒட்டிய பொன்மொழி, லாரியின் முதுகில் எழுதியது, அடுத்த மேசைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னது என்று ஒன்றையும் விட மாட்டார். எல்லாம் போனுக்குள். தலைப்புவாரியாகப் பிரித்துப் போடலாமாம். இவர் எதை எடுத்தாலும் 'முக்கியம்' என்ற ஒரே தலைப்பில்தான் போடுவார். இப்போது அங்கே ஆயிரக்கணக்கில் முக்கியங்கள் குவிந்து கிடக்கின்றன. காப்பீட்டு அலுவலகத்தில், வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று பாடம் எடுக்கிற மனிதர் வேறு.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மரம் சுமந்தேன், மரக்கடை வைத்தேன், இன்று அறுவை மில்லுக்கே முதலாளி. நல்ல வார்த்தை காதில் விழுந்தால் கோடு போட்ட நோட்டில் எழுத்துக் கூட்டி எழுதுவேன். விரல் வலிக்கும், அதனாலேயே கண்டதையும் எழுத மாட்டேன். எழுதியது எதுவானாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாப்பிள்ளைக்கு இது சிரிப்பு. "உங்க நோட்டுல தேட முடியாதே மாமா." எனக்கு எதற்குத் தேடல்? தொலைத்தால்தானே.

போன வாரம் மகள் பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சுவரோடு பேசிப் பேசி அலுத்துவிட்டதாம். இரண்டு நாள் கழித்து அவர் அழைத்துப்போக வந்தார். கூடத்தில் உட்கார்ந்தவரிடம் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"என் ஆபரேஷனுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொன்னேன். அழகா இருக்குன்னு உடனே போன்ல ஏத்திக்கிட்டீங்க. அத சொல்லுங்க, இப்பவே வர்றேன்."

"இருக்கும்மா, இதுலதான் இருக்கு."

தள்ளினார், தள்ளினார், கட்டைவிரல் தேயத் தள்ளினார். நடுவில் ஒரு லாரி வாசகம் அகப்பட்டது. அதைப் படித்துப் புன்னகைகூடச் செய்தார். காபி ஆறி ஆடை கட்டியது.

கடைசியில் அவளே இளகிவிட்டாள். அந்த விஷயத்தில் அவள் என்னைப் போல இல்லை, அவள் அம்மாவைப் போல. "பதில் சொல்லாட்டியும் பரவால்ல, நான் பேசும்போது என் முகத்தப் பாருங்கன்னு சொன்னேன்" என்றாள்.

நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினேன். கையால் எழுதினால்தான் உள்ளே இறங்கும் என்றேன். தாள்கூடத் தேடாமல் இடது உள்ளங்கையிலேயே எழுதினார். முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். பரவாயில்லையே என்று எனக்கே தோன்றியது.

மகள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். போகிற வழியில் மாத்திரை வாங்க வேண்டும், டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் என்று பேசிக்கொண்டே திரும்பியவள், பாதியில் நிறுத்தினாள். பையைக் கீழே வைத்தாள்.

அவர் உள்ளங்கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு விரித்துக் காட்டி, மறு கையால் போனை உயர்த்தி, அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.