நட்சத்திரம் போட்ட சொல்

என் மூக்கு அப்பாவுடையது. அவருக்கு அது கம்பீரம். எனக்கு வெறும் மூக்கு. அதை வைத்துக்கொண்டு ஏழு வயதில் நான் நடுங்கிய கதையை இதுவரை வெளியே சொன்னதில்லை. சிரிப்பார்களே என்ற கூச்சம். இப்போது சிரிக்கவைப்பதே பிழைப்பாகிவிட்டதால் சொல்லலாம்.

அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். அம்மா ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட, என்னை உப்பளம் பகுதியில் பெரியப்பா வீட்டில் விட்டார்கள். அவர் அப்பாவின் அண்ணன், ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார், கல்யாணம் செய்துகொள்ளாமல் மொழிகளோடு குடித்தனம் நடத்தியவர். கூடத்துக் கரும்பலகையில் அந்த வாரம் ஒரு சொல்லின் வம்சாவளியை வரைந்திருந்தார். கீழே சமஸ்கிருத ‘ஜீவ’, லத்தீன் ‘வீவுஸ்’, அதற்குப் பிள்ளையாகப் பிரெஞ்சு ‘வீஃப்’. எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தான்: ‘உயிருள்ள’. உச்சியில், இவற்றுக்கெல்லாம் மூதாதையாக, ‘க்வீவோஸ்’. அதன் முன்னால் மட்டும் ஒரு நட்சத்திரம்.

“அது எதுக்கு பெரியப்பா?”

“அந்த வார்த்தைய யாரும் பாத்ததில்ல பாப்பா. எழுத்து வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சி. புள்ளைங்க மூஞ்சிய வெச்சி, அப்பன் இப்படித்தான் இருந்திருப்பான்னு நாமளா கண்டுபுடிக்கிறது. அதுக்குத்தான் அந்த அடையாளம்.”

அன்று சாயங்காலம் முதலியார்பேட்டை அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாள். என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“அப்படியே என் தம்பி மூக்கு அண்ணே,” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியப்பாவும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “நெத்தியும் அவனுதுதான்.”

நான்கு நாளாக அப்பாவைப் பார்க்கவில்லை. இங்கே, போய்விட்ட அந்தச் சொல்லைப் போலவே, என் முகத்தை வைத்து அவரைக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்!

உடனே துண்டை எடுத்துக் கண்ணுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். பார்க்க முகம் இல்லாவிட்டால் அசல் ஆளையே வரவழைத்துத்தானே ஆகவேண்டும்?

“என்னாடி இது, கொள்ளைக்காரியாட்டம்?”

“ஜலதோஷம் அத்தை.”

துண்டுக்கு அடிவழியாகவே இட்லி தின்றேன்.

மறுநாள், பெரியப்பா குளிக்கப் போன நேரத்தில், நாற்காலி போட்டு ஏறி, எச்சில் தொட்டு நட்சத்திரத்தை அழித்தேன். இறங்கிய பிறகுதான் அடுத்த பயம் வந்தது. பிரெஞ்சு எழுத்தின் தலையில் ஒரு கோடு விட்டுப்போனாலே பரீட்சைத் தாளைச் சிவப்பாக்கியவர் அவர். அந்தப் பலகையை வேறு யாரும் தொட்டதே கிடையாது. மேசைக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

பெரியப்பா ஈரத் தலையோடு வந்து பலகை முன்னால் நின்றார். சாக்பீஸை எடுத்தார். கை சரியாக அந்த இடத்துக்கு உயர்ந்து, அங்கேயே வெகுநேரம் நின்றது. பிறகு சாக்பீஸை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

“துண்ட அவுத்துட்டு வா பாப்பா. காப்பி ஆறுது.”

ஒன்பதாம் நாள் அப்பாவை நேராக உப்பளத்துக்கே கூட்டிவந்தார்கள். பாதியாக இளைத்திருந்தார், மூக்கு மட்டும் முழுசாக இருந்தது. அவரைக் கட்டிலில் படுக்கவைத்த கையோடு பெரியப்பா கூடத்துக்கு வந்து, அந்தச் சொல்லுக்கு முன்னால் நட்சத்திரத்தைத் திரும்பவும் போட்டார்.

இத்தனை நாள் கழித்துத்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது, பாவம். பெரியப்பாவுக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் என்று அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன்.