அத்தை பட்டை விட்டது

என் அத்தை எங்கள் வீட்டைவிட்டுப் போனதற்கு நான்தான் காரணம். பத்து வயதில், ஊரார் முன்னிலையில், ஒரே மூச்சில் அதைச் செய்து முடித்தேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனாலேயே அதைத் தவறு என்று எண்ணாமல் வெகுகாலம் ஓட்ட முடிந்தது. பிற்பாடு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியனாகி, அதே விஷயத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு நடத்திச் சம்பளமும் வாங்கினேன். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். இனியும் அதை உண்மை பேசிய கணக்கில் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் மதிலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பா பெருமாளுக்கு முன்னால் பாராயணம் சொல்லிப் போகும் கோஷ்டியில் ஒருவர். அம்மா எனக்கு நினைவு தெரியுமுன்பே போய்விட்டாள். என்னை வளர்த்தது அப்பாவின் தங்கை. அத்தையின் கணவர் வேலை தேடி வடக்கே போனவர். முதலில் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. அவர் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாததால் அத்தை குங்குமத்தோடும் மடிசாரோடும் அண்ணன் வீட்டில் இருந்தாள்.

அவளிடம் இருந்த ஒரே பட்டுப்புடவை கல்யாணத்துக்கு எடுத்தது. அரக்கு நிறம், ஜரிகை கறுத்துப்போயிருக்கும். விடியற்காலையில் குளித்து அதை உடுத்திக்கொண்டுதான் அடுக்களைக்குள் போவாள். பெருமாளுக்குத் தளிகை ஆகி, அப்பா திருவாராதனம் முடித்துச் சாப்பிடும்வரை அவள் மடி. அந்த நேரத்தில் நான் அவளைத் தொடக்கூடாது. அவள் புடவை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வரும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். சாயங்காலம் நான் திரும்பினால் ராத்திரித் தளிகைக்கு மறுபடி அந்த அரக்குப் புடவை. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் மட்டும் அவள் மடியில் தலை வைத்துப் படுக்கக் கிடைக்கும். மற்றப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மாக்களிடம் கட்டிப்பிடித்து விடைபெறுவதைத் தெருவில் பார்த்திருக்கிறேன். நான் அடுக்களை வாசலில் நின்று, “போய்ட்டு வரேன் அத்தை” என்பேன். அவள் உள்ளேயிருந்து, “ஜாக்கிரதையாப் போ” என்பாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்தப் புடவைதான் நிற்கிறது என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்திருந்தது.

அந்த வைகாசியில் கருட சேவைக்காக மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வந்திருந்தார். மைசூர்ப் பக்கம் பட்டுநூல் எடுக்கும் ஒரு கூடத்தில் அவருக்கு வேலை. வரும்போது பிஸ்கட் டப்பா ஒன்று கொண்டுவந்தார். திறந்தால் பிஸ்கட் இல்லை. வேர்க்கடலையைப் போல இடை சிறுத்த வெண்மஞ்சள் நிறக் கூடுகள். பட்டு விற்றும் நெய்தும் வாழ்கிற ஊர் எங்களுடையது. ஆனால் எங்கள் தெருவில் ஒருவர்கூட அதுவரை பட்டுப்பூச்சிக் கூட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. நூல், சிட்டம் சிட்டமாக வெளியூரிலிருந்து வந்து இறங்கும். அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. பூச்சி வளர்ந்து பறந்துபோன பிறகு விட்டுச்சென்ற வெறும் கூட்டைப் பிரித்து நூல் எடுக்கிறார்கள் என்றுதான் அத்தை நம்பியிருந்தாள். அவளே என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். எறும்பு வரிசையைத் தாண்டிக் கோலம் போடுகிறவள் அவள்.

அத்தை கோயிலுக்குப் போயிருந்த ஒரு மாலையில் மாமா கிணற்றடியில் மூன்று கல்லைக் கூட்டி, பழைய அலுமினியக் கிண்ணத்தில் வெந்நீர் வைத்தார். ஒரு கூட்டை அதில் போட்டு, ஈர்க்குச்சியால் கிண்டினார். சற்று நேரத்தில் குச்சியோடு ஒரு இழை ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. வெயில் பட்டால் மட்டும் தெரியும். அதை என் கையில் கொடுத்து, “இழுத்துண்டே நட” என்றார். கிணற்றைச் சுற்றி வந்தேன். துவைக்கிற கல்லைச் சுற்றி வந்தேன், முருங்கை மரத்தைச் சுற்றி வந்தேன். இழை அறுபடவில்லை, தீரவும் இல்லை. கிண்ணத்தில் கூடு மட்டும் குதித்துக் குதித்து மெலிந்துகொண்டே இருந்தது. இத்தனை நீளத்தையும் ஒரு புழு தன் வாயிலிருந்து, ஒரு இடத்திலும் முறியாமல் விட்டிருக்கிறது என்று மாமா சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு நுண்ணோக்கியில் எத்தனையோ பார்த்துவிட்டேன். அந்தச் சிலிர்ப்பு மறுபடி வரவில்லை.

கடைசியில் கூடு கரைந்து, உள்ளிருந்து பழுப்பு நிறத்தில் சுருண்ட ஒன்று மிதந்தது. இது என்ன என்று கேட்டேன்.

“அதுதான்டா முதலாளி,” என்றார் மாமா. “வெளியில வந்தா கூட்டை ஓட்டை போட்டுடுவான். நூல் துண்டு துண்டாப் போயிடும். அதனால உள்ளே இருக்கறப்பவே வெந்நீர்.”

பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “உங்க அத்தைகிட்ட உளறிண்டு நிக்காதே” என்று சேர்த்துக்கொண்டார். டப்பாவில் ஒரு கூட்டை மட்டும் எனக்காக விட்டுவைத்தார். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் அதன் ஒரு முனை நனைந்து, ஓட்டையாகி, அதன் வழியே வெள்ளையாக ஒரு பூச்சி பிதுங்கி வந்தது. கசங்கிய சிறகுகள் மெல்ல விரிந்தன. உள்ளங்கையில் ஏந்திக் காற்றில் விட்டேன். அது படபடத்துத் தரையில் விழுந்தது. துளசி இலை வைத்தேன், சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன், எதையும் தொடவில்லை. அதற்குச் சாப்பிட வாயே கிடையாது, பறக்கவும் வராது, இன்னொரு பூச்சிக்காகச் சிறகடித்துக்கொண்டு சில நாள் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான் என்றார் மாமா. டப்பாவுக்குள் அது ராப்பகலாகச் சிறகடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பூச்சி எங்கள் ஊரிலேயே இல்லை.

கருட சேவை அன்று வீடு நிறைய ஆட்கள். வெளியூர் உறவினர்கள், அப்பாவுடன் கோஷ்டியில் போகிறவர்கள் என்று கூடத்தில் இலை போட்டிருந்தது. இரவெல்லாம் விழித்திருந்து, கூட்டத்தில் நசுங்கி, பெருமாளைக் கருடன்மேல் பார்த்துவிட்டு நான் புழுதியும் வியர்வையுமாக ஓடிவந்தேன். பார்த்ததை அத்தையிடம் சொல்ல வேண்டும். அவள் பந்திக்குச் சாத்துமது, அதாவது ரசம், பரிமாறப் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்தாள். கைகளை விரித்துக்கொண்டு போனேன். அவள் சட்டென்று சுவரோடு ஒதுங்கினாள்.

“தொடாதேடா, மடி.”

இலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சிரித்தார். கல்யாணம் பண்ணிவைக்கிற வயதாகியும் கைக்குழந்தை போல நான் இன்னும் அத்தையை ஒட்டிக்கொண்டு திரிவதாக ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனோ என்று பிற்காலத்தில் யோசித்திருக்கிறேன். அதுவும் பழியை அவள்மேல் போடுகிற யோசனைதான்.

டிராயர் பையில் அந்தப் பழுப்புச் சுருளைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன்.

“நீ கட்டிண்டிருக்கறது மடி இல்லை அத்தை. உயிரோட வேகவெச்ச புழு. இதுமாதிரி ஆயிரக்கணக்குல.”

அப்பா எழுந்தேவிட்டார். ஒருவர் பட்டுக்குத் தோஷமில்லை என்று சாஸ்திரத்தில் இருப்பதாக ஆரம்பித்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்து, “நிஜமா?” என்று மட்டும் கேட்டாள். மாமா இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தார்.

அத்தை பந்தி முழுவதற்கும் சாத்துமது பரிமாறினாள், பிறகு தயிர். எல்லோரும் கை கழுவிய பின் கிணற்றடிக்குப் போனாள். அந்தப் புடவையை அதற்குப் பிறகு அவள் உடுத்தவில்லை.

நான் போட்ட கணக்கு எளிமையானது. பட்டு மடியில்லை என்று ஆகிவிட்டால், பிறகு மடி என்பதே இருக்காது. நான் எப்போது வேண்டுமானாலும் அவளைத் தொடலாம். நடந்தது வேறு. பட்டை விட்டால் நூல்புடவைதான். அதைத் தினமும் நனைத்து, யார் கையும் படாமல் உயரக் கொடியில் உலர்த்தி எடுக்க வேண்டும். பட்டு உடுத்தியிருந்த நாளில் தவறிப்போய் நான் உரசிவிட்டால் காணாததுபோல் இருந்துவிடுவாள். பட்டுக்கு அந்தச் சலுகை உண்டு. நூல்புடவைக்கு இல்லை. என் விரல் பட்டால் அவள் மறுபடி தலைக்குக் குளிக்க வேண்டும். ஆகவே அவள் முன்னைவிட அதிகம் விலகி நடந்தாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கொடியில் எதுவும் உலரவில்லை. அத்தை ஈரப்புடவையோடு அடுப்பின் முன் நின்றாள். பட்டையே எடுத்து உடுத்திக்கொள்ளச் சொல்லி அப்பா அதட்டினார், பிறகு கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. கார்த்திகைக்குள் இருமல் நெஞ்சில் இறங்கி, காய்ச்சலில் படுத்துவிட்டாள். பெரியம்மா வந்து அடுக்களையைப் பார்த்துக்கொண்டாள். அத்தை தேறி எழுந்தபோது அவளுக்கு அந்த வீட்டில் செய்ய எதுவும் மிச்சமில்லை. ஓய்வாக இருக்கட்டும் என்று திருப்புட்குழியில் இருந்த அவளுடைய அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கிளம்பும் நாளில் அவள் மடியாக இல்லை. என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அடுத்த தையில் அப்பா மறுமணம் செய்துகொண்டார். அத்தை திரும்பி வரவில்லை.

நான் படிப்புக்குச் சென்னை போய், வேலைக்கும் அங்கேயே தங்கிவிட்டேன். ஓய்வுபெறச் சில ஆண்டுகள் இருந்தபோது, பூச்சி தானாக வெளியேறிய ஓட்டைக் கூடுகளைப் பஞ்சைப்போல நூற்று நூலாக்குகிறார்கள் என்று தெரியவந்தது. அத்தைக்கு அதில் ஒரு புடவை செய்து கொடுத்துவிட வேண்டும் என்று வெறி பிடித்தது. நூலைத் தேடி வரவழைத்து, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளரிடம் கொண்டுபோனேன். அவர் விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இன்னா சார் இது, மொடமொடன்னு இருக்குது. தறியில போட்டா அறுந்துக்கினே இருக்குமே.” விவரம் சொன்னேன். அவர் மனைவி சிரித்துவிட்டாள். “பூச்சி பொழைக்கணும்னு நெய்யறவனை சாவடிக்கிறியேபா” என்றாள்.

ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். மற்ற வேலைகளுக்கு நடுவில், அறுந்து அறுந்து, இரண்டு வருடம் இழுத்தது. நான் மாதந்தோறும் பேருந்தில் வந்து தறியருகே உட்கார்ந்து பார்த்துவிட்டு, இருட்டுமுன் சென்னைக்குத் திரும்பிவிடுவேன்.

புடவையை எடுத்துக்கொண்டு திருப்புட்குழிக்குப் போனேன். அக்கா காலமாகி, அத்தை அந்த வீட்டில் தனியாக இருந்தாள். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். புடவையைப் பிரித்து மடியில் வைத்துத் தடவினாள். ஒரு பூச்சியும் சாகவில்லை என்று நான் வகுப்பெடுப்பதுபோல் விளக்கினேன். அன்று செய்ததற்கு மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“புழுவுக்காகவா விட்டேன்?” என்றாள். “அவர் வாங்கிக் கொடுத்த புடவைடா அது. வந்துடுவார் வந்துடுவார்னு தினமும் அதைக் கட்டிண்டு நின்னேன். அவுத்து வைக்க எனக்கு ஒரு காரணம் கெடைக்கலை. நீ கொடுத்தே.”

அது உண்மையா, என்னைத் தேற்றுவதற்காக அந்த நிமிடம் உண்டாக்கியதா என்று எனக்குத் தெரியாது. இந்தப் புடவைக்கு நான் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். நூல் வந்தது, தறியில் அறுந்தது, இரண்டு வருடமாக மாதாமாதம் காஞ்சிபுரத்துக்கு வந்துபோனது. அவள் கை புடவைமேல் நின்றுவிட்டது.

“பிள்ளையார்பாளையத்துலேர்ந்து இங்கே வர எத்தனை நாழி ஆகும்?”

“அரைமணி ஆகும் அத்தை.”

“ஓ,” என்றாள். பிறகு எழுந்து, எனக்குச் சாதம் வைக்க உள்ளே போனாள்.

அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தேர்வுத்தாள் திருத்துகிற வேலை வந்தது. பிறகு மகளின் கல்யாணம் வந்தது. மறுபடி நான் அந்தத் தெருவுக்குப் போனபோது பக்கத்து வீட்டுக்காரர் சாவியை எடுத்து வந்து கொடுத்தார். பெட்டியில் நான் கொடுத்த புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது.

ஒரு புடவை நடுவில் இல்லாவிட்டால் அத்தை என்னிடம் வந்துவிடுவாள் என்று பத்து வயதில் நினைத்தேன். அவள் இருக்கும் இடத்துக்கு நானும் போகலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நான் போனது தறியைப் பார்க்கத்தான்.