கவிழ்த்து வைத்த வாளி

எங்கள் ஊர்க் கால்பந்து அணி தோற்றதற்குச் சொல்லாத காரணம் இல்லை. வெயில், மழை, நடுவர், புல், பந்தில் இருந்த காற்று என்று எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்த பிறகு மைதானத்தைச் சொன்னார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் ஒரு படி மேலே போய், கூடத்தையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தா என்றார்கள், அதுவும் ஊர்ப் பணத்தில். ஊர் இரண்டாகப் பிரிந்து கத்தியது. கத்தின எல்லாரும் இன்றைக்கு நன்றாக இருக்கிறார்கள். கெட்டுப்போனது என் அக்காவின் பெயர் ஒன்றுதான்.

அக்காவுக்கு அந்தப் பழைய மைதானத்தில் கழிப்பறை சுத்தம் செய்கிற வேலை. மேற்குப் பக்கப் படிக்கட்டுகளுக்கு அடியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, வீரர்கள் உடை மாற்றும் அறைக்குப் பின்னால் இன்னொன்று. மூன்றும் அவள் ஆட்சி. அத்தான் ஒரு பந்துப் பைத்தியம். அணி தோற்றால் அன்றைக்குச் சாப்பிட மாட்டேன் என்பார். எங்கள் அணியின் லட்சணத்துக்கு அவர் பாதி நாள் பட்டினி. அவர் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். கிளப்காரர்கள் இரக்கப்பட்டு அக்காவுக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். அந்த இரக்கத்தைக் கடைசி வரை சொல்லிக் காட்டினார்கள்.

மைதானத்தின் கேட்டுக்கு எதிரே நான் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அக்காவிடம் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, பினாயிலைத் தொட மாட்டாள். சோப்புத் தூள், பிரஷ், தண்ணீர், கடைசியில் காய்ந்த துணி. கிளப் வாங்கி வைத்த பினாயில் கேன்கள் மூலையில் தூசி படிந்து கிடக்கும். "பினாயில் வாசம் வருதுன்னா அங்க யாரோ வேலை செய்யலன்னு அர்த்தம். நாத்தத்துக்குப் போர்வை போத்துற வேலை எனக்கு வராது" என்பாள்.

இன்னொன்று வாளி. கழிப்பறைக்கு ஒன்றாக மூன்று நீல வாளிகள். கழுவித் துடைத்து முடித்ததும் வாளியை வாசல்படியில் கவிழ்த்து வைப்பாள். தரை காய்கிற வரை யாரும் உள்ளே போகக் கூடாது. காய்ந்த பிறகு அவளே வந்துதான் எடுப்பாள். பூட்டுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. எங்கள் அணியின் முன்கள வீரன், ஆளைப் பார்த்தால் பனைமரம், ஒருமுறை அவசரத்தில் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு, "அக்கா, முடியலக்கா" என்று கெஞ்சியதை நானே பார்த்தேன். "காயட்டும்" என்றாள். எதிரணிக்காரர்களைத் தள்ளிவிட்டு ஓடுகிறவன் அந்த வாளியைத் தாண்டத் துணியவில்லை. ஊரில் அவளுக்கு வாளியக்கா என்றே பெயர். ஆட்டம் பார்க்க வருகிற பெண்கள், "மத்தது எப்படியோ, இங்க பாத்ரூம் போகலாம்" என்று பேசிக்கொண்டு போவார்கள். அதைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு அக்கா என் கடைக்கு வந்து உட்கார்ந்து, தானே காசு கொடுத்து இரண்டு டீ சொல்வாள்.

புது ஸ்டேடியம் பேச்சு வந்ததும் ஊரில் வேண்டும் கட்சி, வேண்டாம் கட்சி என்று இரண்டு முளைத்தன. வேண்டும் கட்சிக்குத் தலைமை கிளப் மேனேஜர். வேண்டாம் கட்சிக்கு மைதானத்தின் பின்தெரு மாடிவீட்டு வக்கீல். மக்கள் பணம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்றெல்லாம் வக்கீல் முழங்குவார். உண்மையில் புது ஸ்டேடியத்தின் வண்டி நிறுத்துமிடம் அவருடைய ஜன்னலுக்கு நேர் கீழே வருகிறது. அதைத் தவிர அவருக்கு வேறு கவலை இருந்ததாக எனக்குத் தெரியாது. கவுன்சிலரோ கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். காலையில் இந்தப் பக்கம் டீ, மாலையில் அந்தப் பக்கம் டீ. மூன்று பேரும் என் கடைக்கு வந்து டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே என் ஆதரவைக் கேட்டார்கள். காற்றுக்குக்கூட ஒருத்தரும் காசு கொடுக்கவில்லை.

பழைய மைதானத்தைச் சரிபண்ணினால் போதுமா, புதிதாகவே கட்ட வேண்டுமா என்று பார்க்க நகராட்சி ஒரு குழு போட்டது. குழு வரும் தேதி தெரிந்ததும் மேனேஜர் அக்காவைத் தேடி வந்தார். அவர் அவளைத் தேடி வந்தது அதுவே முதல் தடவை.

"அக்கா, ஒரு சின்ன உதவி. குழு வர்ற வரைக்கும் நீங்க எதுலயும் கை வைக்காதீங்க. அப்படியே கிடக்கட்டும்."

"எது சார் அப்படியே கிடக்கணும்?"

"எல்லாம்தான். பளபளன்னு இருந்தா இதுவே போதும்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. நம்ம கஷ்டம் அவங்களுக்குப் புரியணும்ல. புது ஸ்டேடியம் வந்தா உங்க பையனுக்கு ஆபீஸ்ல வேலை. நான் பொறுப்பு."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தொட்டிலுக்குச் சொந்தக்காரியிடமே வந்து, கொஞ்சம் கிள்ளிவிட்டுக் கொடு என்று கேட்டவரை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் பஞ்சாயத்து. என் மருமகனுக்கு, அதாவது அக்கா மகனுக்கு, அப்போது கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை எதிலும் நிலைக்கவில்லை. எங்கே போனாலும் அங்கே இருக்கிற முதலாளி சரியில்லாமல் போய்விடுவார். அவன் பெண்டாட்டி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆறாம் மாதம்.

"கை வைக்காம சும்மா இருன்னுதானேம்மா சொல்றாங்க. சும்மா இருக்கறது ஒரு கஷ்டமா?" என்றான்.

"உனக்குக் கஷ்டமில்லடா, பழகினது" என்றேன் நான்.

"மாமா, நீங்க நடுவுல பேசாதீங்க. எனக்கு ஒரு நல்லது நடந்தா உங்களுக்கு ஆகாதே."

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்புத் தூள் தின்ற கை, நகமெல்லாம் வெளுத்துக் கிடக்கும். "வர்றவங்க என்னைப் பத்தி என்னடா நினைப்பாங்க?" என்று கேட்டாள்.

"உன்னை யாரும்மா பாக்கப் போறா? கட்டடத்தைத்தான் பாப்பாங்க."

பெற்ற மனம் பித்து. சரி என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் எதையும் தொடவில்லை. பிரஷ், துணி எல்லாவற்றையும் மூலையில் போட்டாள். ஆனால் வாளிகள் மிச்சம் இருந்தன. அவற்றை எங்கே வைப்பது? பழகின கை, மூன்று இடத்திலும் வாசலுக்கு ஒன்றாக வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டது. அவள் வெளியே என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டாள். இடையில் ஆட்டம் ஒன்று நடந்தது. கூட்டம் வந்தது. வாளியைப் பார்த்தார்கள், "அக்கா கழுவியிருக்காங்க, காயட்டும்" என்று காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாதவர்கள் கேட்டுக்கு வெளியே ஹோட்டலைத் தேடிப் போனார்கள். ஹோட்டல்காரர் என்னைத் திட்டினார், ஏதோ நான்தான் அனுப்பி வைத்தது போல. ஆக, அக்கா கை வைக்காத அத்தனை நாளும் உள்ளே ஒரு சொட்டு அழுக்கு சேரவில்லை.

தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டால், "மறந்துட்டேன்டா" என்பாள்.

குழு வருவதற்கு முந்தின நாள் மேனேஜர் பார்வையிட வந்தார். அழுக்கைப் பார்வையிட. உள்ளே எட்டிப் பார்த்தவருக்கு முகம் தொங்கிப்போனது. "என்னம்மா இது, கண்ணாடி மாதிரி இருக்கு? கை வைக்காதீங்கன்னு சொன்னேன்ல?" என்றார். அக்கா, அம்மா ஆகிவிட்டாள்.

"நான் வைக்கல சார்."

மேனேஜர் வாளிகளைக் காலால் எத்தித் தள்ளினார். தண்ணீர்க் குழாயை மூடச் சொன்னார். வேண்டும் கட்சிக்குக் கொடி பிடிக்கிற ரசிகர் கூட்டம் ஒன்று அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தது. அதை வரவழைத்து, வயிறு முட்ட பீரும் சாப்பாடும் கொடுத்து, உள்ளே போங்க என்று அனுப்பினார். அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அணிக்காகச் செய்கிறோம் என்ற பெருமையோடு, அந்தத் தடியன்கள் செய்துவிட்டு வந்ததை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தத் தாள் நாறும். சுவரைக்கூட விடவில்லை. ஒருத்தன் வெளியே வரும்போது வெற்றிக்கு அடையாளமாக இரண்டு விரலைக் காட்டினான். அக்கா பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னேன், போகவில்லை. மனிதப் பிறவி மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் குழு வந்தது, மூக்கைப் பொத்திக்கொண்டு போனது. கூட வந்த பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். வாசலில் நின்ற அக்காவைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் உள்பக்கமா நில்லுங்க. ஆளு இருந்தாத்தான் படம் நல்லாருக்கும்" என்றான். மேனேஜர் தலையசைத்தார். அக்கா நின்றாள்.

பிறகு மண்டபத்தில் பொதுக்கூட்டம். கிளப் ஊழியர்கள் எல்லாரும் அணிச் சட்டையோடு முன் வரிசையில் உட்கார வேண்டும் என்று உத்தரவு. அக்காவுக்கும் ஒரு சட்டை கொடுத்தார்கள், தொளதொளவென்று. போட்டுக்கொண்டு வந்தாள். அத்தான் இருந்திருந்தால் அந்தக் கோலத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார், அவர் புத்தி அவ்வளவுதான். மருமகன் பின் வரிசையில், கைதட்டுகிற கூட்டத்தோடு இருந்தான். மேனேஜர் துண்டால் முகத்தைத் துடைத்தால் கைதட்ட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

திரையில் படங்கள் ஓடின. விரிசல் விட்ட படிக்கட்டு, துருப்பிடித்த கம்பி, அப்புறம் அந்தக் கழிப்பறை. சுவர் முழுக்கக் காட்டினார்கள். நடுவில் என் அக்கா. மண்டபம் "ச்சீ" என்றது.

வக்கீல் எழுந்தார். "கட்டடத்துல என்னங்க தப்பு? இதோ நிக்கிறாங்களே, இந்தம்மா வேலை செய்யல. அதான் தப்பு. ஆளை மாத்துங்க, ஸ்டேடியத்தை எதுக்கு மாத்தணும்?"

வேண்டாம் கட்சி கைதட்டியது.

மேனேஜர் மைக்கை வாங்கினார். கோபப்படுவார், ஒரு வார்த்தை நமக்காகச் சொல்வார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "வக்கீல் சார் சொல்றது ரொம்பச் சரி. புது ஸ்டேடியத்துல இந்த மாதிரி ஆளுங்களுக்கே வேலை இல்ல. வெளியில இருந்து நல்ல கம்பெனியைக் கொண்டு வர்றோம்" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

மண்டபமே கைதட்டியது. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போய்விட்டன. நான் திரும்பிப் பார்த்தேன். என் மருமகனும் தட்டிக்கொண்டிருந்தான். சொல்லி வைத்த வேலை, கை அது பாட்டுக்குத் தட்டியது. அம்மா திரும்பிப் பார்ப்பதைக் கண்டதும் கையைக் கீழே போட்டான்.

நான் எழுந்து நின்று கத்தினேன். "யோவ், அழுக்குப் பண்ணினது உங்க ஆளுங்கய்யா. நான் என் கண்ணால பாத்தேன்."

பேர் கொடுத்தவர்கள் மட்டுமே பேசலாம் என்று ஒருவர் வந்து என்னை உட்காரச் சொன்னார். பின்னாலிருந்து சிரித்தார்கள். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடா. பையன் வேலை இருக்கு."

"கேட்டியாக்கா உன்னை என்ன சொன்னாங்கன்னு?"

"கேட்டேன். உக்காரு."

வேண்டும் கட்சி ஜெயித்தது. அக்காவைப் பழைய மைதானம் இடிபடும் முன்பே நிறுத்திவிட்டார்கள். பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. தெருவில் பழையபடி வாளியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், ஆனால் இப்போது சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். மருமகள் வீட்டார் குழந்தையைப் பார்க்க வந்தபோது அக்கா கொடுத்த தண்ணீரை வாங்கி அப்படியே கீழே வைத்தார்களாம். அதை என்னிடம் சொன்னபோது மட்டும் அக்கா அழுதாள்.

வக்கீல் வீட்டை நல்ல விலைக்குக் கிளப்பே வாங்கிக்கொண்டது. அவர் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பற்றிப் பேசவில்லை. கவுன்சிலர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அணி இப்போதும் தோற்கிறது, புது மைதானத்தில்.

திறப்பு விழாவுக்கு முன்தினம் மருமகன் வேலைக்குச் சேரப் போனான். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. மத்தியானம் திரும்பி வந்தான். நான் அக்கா வீட்டு வாசலில் அவள் பேரனோடு விளையாடிக்கொண்டிருந்தேன். அவன் கையில் கம்பெனி கொடுத்த சீருடையும், புத்தம் புதிய பிரஷும், பச்சை வாளியும் இருந்தன. ஆபீஸ் வேலை என்றால் ஆபீஸ்காரர்களின் கழிப்பறை வேலையாம். என் வாயில் வந்ததை, குழந்தை இருந்ததால், விழுங்கினேன்.

அவன் வாளியைக் கீழே வைத்தான். பிறகு, "அம்மா, நாளைக்கு ஒரு நாள் நீ வந்து செஞ்சு குடுத்துட்டுப் போ. யாரும் பாக்க மாட்டாங்க. எனக்கு உள்ள போனாலே குமட்டுது" என்றான்.

அக்கா குழந்தையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த துணியால், காது மடலுக்குப் பின்னால்கூட விடாமல், பொறுமையாகத் துடைத்து முடித்தாள்.

"வர மாட்டேன்டா."

"அப்ப எப்படிச் செய்யறதுன்னாவது சொல்லு."

"பினாயிலை ஊத்து."

"ஊத்திட்டு?"

"அவ்வளவுதான். அந்த இடத்துக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு, துணியை அலசப் போனாள்.