பதிவு வருவதற்கு முன்

கல்யாணமாகி மலேசியாவில் மாசாய்க்கு வந்தபோது என் பெட்டியில் இரண்டு பட்டுப் புடவைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், சென்னை மருத்துவமனை ஒன்றில் நான்கு வருடம் பேச்சு சிகிச்சையாளராக வேலை பார்த்ததற்கான கடிதம். புடவை கசங்கினாலும் பரவாயில்லை, இவை மடங்கக் கூடாது என்று அப்படி வைத்திருந்தேன்.

வந்த இரண்டாவது வாரமே விசாரித்தேன். மலேசியாவில் பேச்சு சிகிச்சை செய்பவர்களும் செவித்திறன் சோதிப்பவர்களும் சட்டப்படி தங்கள் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவோடு, தொழில் செய்வதற்கான சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். அதையும் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். இவை இல்லாமல் நோயாளியைப் பார்ப்பது குற்றம். நியாயமாகத்தான் பட்டது. இந்தியாவிலும் நான் பதிவு செய்துகொண்டவள்தானே. ஆனால் அவர்கள் கேட்ட காகிதங்கள் என் உறையில் இருந்ததைவிட அதிகம். ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டம், எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு பயிற்சி, என் மேல் புகார் எதுவும் இல்லை என்று ஒரு கடிதம். கல்லூரிக்கு எழுதினேன். பதில் வர மாதங்கள் ஆயின.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். கணவருக்குப் பக்கத்துத் துறைமுக ஊரான பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் வேலை. மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமா கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். விடியும் முன் எழுந்து வண்டியை எடுத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்களை ஏற்றி, ஆலை வாசலில் இறக்குவார். எந்தப் பெண்ணுக்கு இடுப்பு வலி, எந்தப் பையன் சிங்கப்பூரில் வேலை தேடுகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். அவர் பேசியதைக் கேட்டுத்தான் இந்த ஊர்த் தமிழ் எனக்குப் பிடிபட்டது, கொஞ்சம் மலாயும்.

ஒரு நாள் காலை, முதல் நடை முடித்து பஸ்ஸை நிறுத்தியவர் இறங்கவில்லை. சக ஓட்டுநர் போய்ப் பார்த்தபோது ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். கேட்டதற்கு வாய் அசைந்தது, சொல் வரவில்லை. மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. உயிர் தப்பியது. வலது கை பலமிழந்தது. நாம் சொல்வது ஓரளவு புரிந்தது. அவருடைய பேச்சு மட்டும் போய்விட்டது.

எனக்கு அந்த நோய் தெரியும். அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து நான்கு வருடம் சம்பாதித்திருக்கிறேன். இப்போது கட்டிலின் மறுபக்கம், துணைக்கு வந்தவள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அரசாங்க மருத்துவமனையின் பேச்சு சிகிச்சையாளர் ஓர் இளம் மலாய்ப் பெண். முக்காடு போட்டு, கையில் பட அட்டைகளோடு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மாமாவுக்கு மலாய் நன்றாகப் பேச வரும், ஆனால் நோய்க்குப் பிறகு அதுவும் வரவில்லை. அதனால் தமிழில் முயன்று பார்க்கலாம் என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். ஒரு கோப்பையின் படத்தைக் காட்டினார். மாமா வெகுநேரம் பார்த்துவிட்டு, "பசி... பசியாற" என்றார்.

"இல்லை, அது வேறு சொல்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தாளில் ஏதோ குறித்தார்.

பின்னால் நின்ற கணவர், "அது சரியாத்தானே சொல்றாரு! காலையில டீ குடிக்கிறதுக்கு என்னா சொல்வோம்? பசியாறிட்டியான்னு தினமும் உன்னையும்தான் கேட்டாரு" என்றார்.

தினமும் காதில் விழுந்த சொல். ஆனாலும் அட்டையைப் பார்த்ததும் என் மனம் சென்னைக்குப் போய்விட்டது. அங்கே கோப்பை என்றால் கோப்பை, இல்லாவிட்டால் டம்ளர். அந்தப் பெண்ணிடம் விளக்கினேன். அவர் குறித்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பொருளின் பெயர் வரவில்லை, அதன் பயன் வந்திருக்கிறது. சிகிச்சையில் அது பெரிய வித்தியாசம். மூன்று வாரம் கழித்து, நானும் இதே படிப்பு படித்தவள் என்று அவரிடம் சொன்னேன். பதிவுக்கு விண்ணப்பித்திருப்பதையும் சொன்னேன்.

"அப்படியென்றால் நல்லது. இவர் உங்கள் குடும்பம். நான் திட்டம் எழுதித் தருகிறேன், வீட்டில் நீங்கள் செய்யுங்கள்" என்றார். பிறகு ஒரு நொடி யோசித்து, "வெளியாட்களுக்கு மட்டும் வேண்டாம். பதிவு வரட்டும்" என்றார்.

மாமா நாள் தவறாமல் எதை வரிசையாகச் சொல்லுவார் என்று கேட்டதும் அவர்தான். பஸ் நிறுத்தங்கள். பிளாட் வாசல், பெட்ரோல் நிலையம், கோயில் சந்து, பாலத்தடி. நான் முதலாவதைச் சொன்னால் மாமா தட்டுத்தடுமாறி அடுத்ததைப் பிடிப்பார். பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுவார்கள் என்று கேட்பேன். முன்வாசலில் உட்கார்ந்து தினமும் காலையில் அந்தப் பஸ்ஸை ஓட்டினோம்.

அதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஓர் ஆலை கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவர். அவருடைய கணவருக்கும் இரண்டு வருடம் முன்பு இதே நோய் வந்து, நடை கொஞ்சம் தளர்ந்து, மற்றபடி தேறியிருந்தார். சமீபமாகத் தண்ணீர் குடித்தால் இருமுகிறார், சோறு தொண்டையில் நிற்கிறது என்றார் அக்கா. எங்கள் தொழிலில் விழுங்கும் சிக்கலைப் பார்ப்பதும் அடக்கம் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"நீ படிச்சவதானே மா. கொஞ்சம் வந்து பாரு லா."

"இங்க எனக்கு இன்னும் அனுமதி வரலக்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"தேதி குடுத்திருக்காங்க மா. அதுக்கு இன்னும் ரொம்ப நாளு இருக்கு. யாரு வந்து உன்னக் கேக்கப் போறா? நான் போய்ச் சொல்வனா?"

மறுத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். அன்று வேலி ஓரமாக அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், வெளிறிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார், இளைத்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய்ப் பரிசோதித்தால் அது தொழில். வாசல் கேட்டில் நின்று நாலு வார்த்தை சொன்னால் அது பக்கத்து வீட்டுப் பேச்சு. இப்படி ஒரு கோட்டை நானே போட்டுக்கொண்டேன்.

கேட்டில் நின்றபடியே சொன்னேன். கஞ்சியைக் கெட்டியாகக் கொடுங்கள். ஒரு வாய்க்கு ஒரு சின்னக் கரண்டிதான். விழுங்கும்போது தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் படுக்க விடாதீர்கள். பலருக்கு நான் சொல்லியிருக்கும் அறிவுரைதான். ஆனால் அவர்கள் எல்லோரையும் தொட்டு, குரலைக் கேட்டு, விழுங்க வைத்துப் பார்த்த பிறகு சொன்னது.

ஒரு வாரத்தில் அக்கா சூடான பீசாங் கோரெங், இந்த ஊர் வாழைப்பழப் பஜ்ஜி, ஒரு காகிதப் பையில் கொண்டுவந்தார். எண்ணெய் பையில் ஊறியிருந்தது.

"இருமல் நின்னுடுச்சு மா! சுத்தமா நின்னுடுச்சு. நல்லா இருப்ப நீ!"

நானும் சிரித்தேன். கதவை மூடிய பிறகுதான் யோசித்தேன். இருமல் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். உணவு சரியான வழியில் போகிறது என்பது ஒன்று. தவறான வழியில், மூச்சுக்குழாய்க்குள், போவதைத் தொண்டை உணர்வதே இல்லை என்பது இன்னொன்று. எது என்று கேட்டில் நின்று சொல்ல முடியாது. அப்போதே போய், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் மாமாவுக்குச் சோதனை இருந்தது. அதற்கடுத்த நாள் அக்காவுக்கு வேலை. நான்காம் நாள் காலை அண்ணனுக்குக் காய்ச்சல், மூச்சிரைப்பு. அவர்கள் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது.

நுரையீரலில் சளி கட்டி நிமோனியா. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

வார்டுக்குப் போனேன். அண்ணனின் மூக்கில் குழாய். அக்கா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"கெட்டியா குடுக்கச் சொல்லி யாரு சொன்னாங்கன்னு டாக்டரு கேட்டாரு. நாங்களாத்தான் செஞ்சோம்னு சொல்லிட்டேன். நீ பயப்படாத."

அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் என்னைக் காப்பாற்றியிருந்தார். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கணவர் ஆலையில் இருந்தார். போனில் அழைத்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சொன்னா உன் பதிவு போயிடுமா?" என்று கேட்டார்.

"போகலாம்."

"சொல்லலன்னா?"

வர நேரமாகும் என்று சொல்லிப் போனை வைத்தேன். 

எழுந்து மாமாவின் சிகிச்சையாளர் அறைக்குப் போனேன். மலாயும் ஆங்கிலமுமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனால் முதலில் அவர் கேட்டது என்னைப் பற்றி அல்ல. என்றைக்குச் சொன்னீர்கள், எவ்வளவு கெட்டி, இருமல் எந்த நாளில் நின்றது, அதற்கு முன் குரல் தண்ணீர் தேங்கியது போல ஈரமாகக் கேட்டதா. ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

"வார்டு டாக்டருக்கு இது இன்றே தெரிய வேண்டும். இருமல் நின்ற நாள் முக்கியம். உங்கள் பெயரை எழுதட்டுமா?"

"எழுதுங்கள்."

பேனாவை வைத்துவிட்டு அவர் சொன்னார்: "உங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நீங்கள் பார்க்கவில்லை, எழுதவில்லை, மறுபடி போய்ப் பார்க்கவும் இல்லை. பதிவு இருந்திருந்தால் இந்த மூன்றையும் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் கேட்பதற்கு ஒரு இடம் இருக்கும். இப்போது அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

முதலில் நியாயமாகப் பட்டாலும், காத்திருந்த மாதங்களில் அந்தச் சட்டத்தை எனக்கு முன்னால் பூட்டிய கதவாகத்தான் பார்த்திருந்தேன். படித்தவளை, நாலு வருடம் செய்தவளை, காகிதம் கேட்டு வீட்டில் உட்கார வைத்த ஒன்று. அண்ணன் படுத்திருந்த வார்டைக் கடந்து திரும்பியபோது, அது அவர் பக்கத்தில் நிற்க வேண்டிய ஒன்று என்று புரிந்தது. நான்தான் அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

கல்லூரியிலிருந்து காகிதங்கள் வந்து சேர்ந்ததும் விண்ணப்பத்தை முழுமையாக்கினேன். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி அதோடு இணைத்தேன். கணவர் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு எழுத்துப் பிழையை மட்டும் சுட்டிக்காட்டினார். பல வாரம் கழித்துப் பதிவு அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நேரில் போய்ப் பதில் சொன்னேன். கடைசியில், குறிப்பிட்ட காலம் பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி செய்ய வேண்டும், பிறகு பரிசீலிப்போம் என்றார்கள். செய்தேன். நான்கு வருடம் வேலை பார்த்தவள், மாணவியைப் போல மற்றவர் பின்னால் நின்று குறிப்பெடுத்தேன். அந்த நாட்களில் நிறையக் கற்றுக்கொண்டேன். முக்கியமாக, இந்த ஊர்க்காரர்கள் எதற்கு என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்பதை. பட அட்டைகளுக்குப் புதிதாக ஒரு தமிழ்ப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். மாமாதான் அதைத் திருத்தினார். சரியில்லாத சொல் வந்தால் இடது கையை ஆட்டி, "ஏய்... இல்ல" என்பார்.

சான்றிதழ் வந்தபோது வீட்டில் யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்தேன்.

அண்ணன் வீடு திரும்பியிருந்தார். குழாய் வழியாகத்தான் சாப்பாடு. ஒரு வருடத்துக்குச் சற்று மேல் உயிரோடு இருந்தார். அவர் இறந்தது இதயம் நின்று, தூக்கத்தில். நிமோனியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அதை நானும் நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு வருடம் அவர் நாக்கில் ஒரு வாய் மீன் குழம்புகூடப் படவில்லை என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, பாத்திரம் தேய்க்க அக்காவோடு உட்கார்ந்தேன். அவர் தலை நிமிராமலே கேட்டார்.

"அன்னிக்கு நீ உள்ள வந்து அவரப் பாத்திருந்தா, தெரிஞ்சிருக்குமா மா?"

வேறு ஏதாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"அநேகமா தெரிஞ்சிருக்கும்க்கா."

அவர் கை நின்றது. மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

"நீ மொதல்லயே முடியாதுன்னுதான் சொன்ன. நாந்தான் விடல."

"முடியாதுன்னே நின்னிருக்கணும்க்கா. இல்லன்னா முழுசா செஞ்சிருக்கணும். ரெண்டும் செய்யல."

அக்கா சட்டியைக் கழுவி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

இன்றும் நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுதான். தீபாவளிக்கு அவர் முறுக்கு வரும், என் அதிரசம் போகும். மாமாவோடு வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார். மாமா சொல்லைத் தேடிப் பிடிக்கும்வரை பொறுமையாக இருப்பார். ஆனால் உடம்பைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன மாதம் காது அடைத்த மாதிரி இருந்திருக்கிறது. தானே தேதி வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்து, மருந்தும் போட்டுச் சரியான பிறகுதான் என்னிடம் சொன்னார்.