எங்கள் மூக்குக்கு எட்டாத எரிமலை

எண்பதுகளில் ஆம்பூரில் நானும் என் தோழியும் பிளஸ் ஒன் படித்தபோது பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். நல்ல மாடலுக்கு வேலூரில் மாவட்டப் போட்டி. அறிவியல் கிடக்கட்டும், எங்களுக்கு அந்த ரயில் பயணம்தான் குறி. வீட்டார் துணையில்லாமல் நாங்கள் ஊரைத் தாண்டியதே கிடையாது.

பிரம்மாண்டமான எரிமலைகள் வெடித்து டைனோசர்கள் அழிந்திருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் சொல்வதாக ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். அதுவும் நம் தக்காணத்து எரிமலைகளாம். நெருப்புக் குழம்பைவிட, கூடவே கிளம்பிய வாயு காற்றையும் மழையையும் கெடுத்ததுதான் உயிர்களை வாரிக்கொண்டு போனதாம். குழம்புக்குச் செம்மண் போதும். வாயுவை எப்படிக் காட்டுவது?

தோழியின் அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. தோலில் முடி உதிர ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியின் தண்ணீரை அவள் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். மாடல் எரிமலையின் வாயில் ஊற்றி, வாயு மாதிரி நாறுகிறதா என்று மோந்து பார்த்தோம்.

“இன்னாடி, ஒண்ணுமே வரல?”

“கம்மியா ஊத்திட்ட. இன்னும் ஊத்து.”

வாளியே காலியானது. அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஊர் டேனரிகளின் காற்றிலேயே வளர்ந்த மூக்குகள். டீச்சரும் உள்ளூர்தான். பெயின்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடுவராக வந்தவர் மெட்ராஸ்காரர். வாசலில் காலை வைத்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். வேலூர் போச்சு என்று தோழி அழவே ஆரம்பித்துவிட்டாள். எனக்கோ ஆத்திரம். ஜன்னலருகே போய் நின்றேன்.

“உள்ள வந்தாதான சார் வெளக்க முடியும்?”

“அங்கிருந்தே சொல்லும்மா. டைனோசர்லாம் எப்படிச் செத்துது?”

“நீங்க ஓடிட்டீங்க சார். அதுங்களுக்கு ஓட எடமில்ல.”

கைக்குட்டைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. “நீங்க ரெண்டு பேரும் எப்படி உள்ள நிக்கிறீங்க?” என்றார்.

“நாங்க ஆம்பூர் சார்,” என்றாள் தோழி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வராந்தாவில் நின்றபடியே எங்களைத் தேர்ந்தெடுத்தார். வேலூருக்கு வாளி மட்டும் வரக்கூடாது என்றார்.

வேலூருக்கு இறங்க வேண்டிய காட்பாடி வரைக்கும் ரயிலில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டே போனோம். அவ்வளவு சந்தோஷம். போட்டியில் பரிசு கிடைக்கவில்லை, அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. சில நாள் விடுதியில் தங்கி, இட்லியாகத் தின்று தீர்த்துவிட்டுத் திரும்பினோம்.

ஆம்பூர் நெருங்கும்போது ரயில் பெட்டிக்குள் ஏதோ நாறியது. இருவரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.