பிடியரிசிக் கஞ்சி ஏலம்

என் அக்கா கிருபாபாய்க்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. சாப்பிடும்போதுகூட எழுந்து எழுந்து வாசலை எட்டிப் பார்ப்பாள். "உக்காந்து தின்னு தொலையேன்" என்று நான் கத்தாத நாள் கிடையாது. அத்தான் இறந்த பிறகு மிஷன்காரர்கள் அவளுக்கு வேலை கொடுத்து, கோயில் வளாகத்துக்குள் ஓர் ஓட்டு வீடும் கொடுத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுவது, படிக்கத் தெரியாத பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது, சனிக்கிழமை பிடியரிசி வாங்கி வருவது, இவைதான் வேலை. நானும் அந்த வீட்டில்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். என்னைக் கட்டினவன் கொழும்புக்குப் போனான், அங்கேயே இன்னொருத்தியோடு இருந்துவிட்டான். எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பயந்து நடுங்கியதைக் கேட்டு யாரும் இளக்காரமாகப் பேச வேண்டாம்.

பிடியரிசி என்றால் வேறொன்றுமில்லை. எங்கள் தூத்துக்குடிச் சபையில் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் எடுத்து வைப்பார்கள். சனிக்கிழமை அக்கா சாக்கோடு போய் வாங்கி வருவாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் அதை ஏலம் விட்டு, வருகிற பணத்தைக் கட்டட வேலைக்குச் சேர்ப்பது வழக்கம். ஊர்பட்ட வீட்டு அரிசி ஒரே சாக்கில் விழுவதால் அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியும். சிவப்புச் சம்பா, வெள்ளைப் புழுங்கல், பச்சரிசி, குருணை எல்லாம் கலந்து கிடக்கும். யுத்தத்துக்கு முன்னால் அதை ஏலம் எடுத்தவர்கள் பாதியைக் கோழிக்குத்தான் போட்டார்கள். எடுத்தது பெருமைக்கு.

யுத்தம் வந்து பர்மா அரிசி நின்றது. கப்பல் வரத்து குறைந்து, தோணியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்கள் வேலையில்லாமல் துறைமுகத்து வாசலிலேயே குத்தவைத்துக் கிடந்தார்கள். கோழி தின்ற அரிசிக்கு இப்போது ஏலத்தில் போட்டி. வாரா வாரம் அதை எடுத்தவர் ஞானையா அண்ணாச்சி. சாத்தான்குளத்திலிருந்து வந்து இங்கே மளிகைக் கடை போட்டவர். கோயிலுக்குக் கூரை போட்டதில் அவர் கைப்பணம் நிறைய உண்டு. கெட்ட மனிதர் என்று நானும் சொல்லமாட்டேன்.

ஒரு திங்கட்கிழமை அக்கா ஜெபத்துக்கு அருளாயி வீட்டுக்குப் போயிருந்தாள். அருளாயி புருஷன் தோணியில் மூட்டை சுமக்கிறவன். அவள் காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுத்து ஞானையா கடையில் அரிசி வாங்கி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சுளகில் கொட்டினாள். சம்பா, புழுங்கல், குருணை.

"ஏ அக்கா, இது நம்ம பிடியரிசில்லா!" என்று அருளாயி சிரித்தாள். "நான் போட்டதுகூட இதுக்குள்ள கெடக்கும்."

"வீட்டுல அரிசி இல்லாம நீ எதுக்குளா பிடி போட்ட?"

"நல்லா கேட்டியளே. நீங்க சாக்க விரிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கியளே, வெறுங்கைய எப்படிக் காட்டுதது? அக்கம்பக்கத்துல பாக்க மாட்டாவளா?"

அந்தப் பதில் அக்காவைப் பாடாய்ப் படுத்திவிட்டது. அன்றிலிருந்து அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். பனங்கிழங்கை அவித்து வைத்தால் கையில் எடுப்பாள், வைப்பாள். "அவ வாயிலிருந்து புடுங்கினது நான்தான் பேபி" என்று என்னிடம் புலம்புவாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். ஊரில் இல்லாத அதிசயமா?

எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம். தேவபிரசாதம் ஐயரிடம் அக்கா நேரே போய் நின்றாள். பின்னாலேயே நானும் ஓடினேன், ஏதாவது உளறினால் வாயைப் பொத்தலாமே என்று. வராந்தாவில் ஞானையா அண்ணாச்சியும் இருந்தார்.

"இந்தப் பஞ்சம் தீருத மட்டும் ஏலம் வேண்டாம் ஐயா. பசிச்ச வீட்டுக்குக் குடுத்திருவோம். ஆண்டவருக்குன்னு எடுத்த பிடி அவுங்க வயித்துக்குப் போனா, அது ஆண்டவருக்குப் போகலன்னு ஆயிருமா?"

ஐயர் சாதுவான மனிதர். நெற்றியைத் தடவிக்கொண்டார். "கமிட்டியில வைக்கேம்மா. காலங்காலமா வார வழக்கம், நான் ஒருத்தன் மாத்த முடியுமா?"

ஞானையாவுக்குச் சுருக்கென்றது. "நான் என்ன களவாண்டா வித்தேன்? நாலு பேர் முன்னால ஏலம் கேட்டேன். பணம் கோயிலுக்குத்தான போச்சு? எடுத்த சரக்க விக்கது குத்தமா?"

"குத்தம்னு யாரும் சொல்ல முடியாது அண்ணாச்சி. அதான் எனக்கு உறக்கம் வரமாட்டேங்கு."

"மிஷன் வீட்டுல இருந்துக்கிட்டுப் பேசுத. பாத்துப் பேசு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்து நான் அழுதேன். வெட்கமென்ன, அழத்தான் செய்தேன். "வீடு போயிட்டுன்னா எங்கக்கா போவோம்?" என்றேன். "ஏளா, அது எனக்குத் தெரியாதா?" என்றாள். சனிக்கிழமை வழக்கம்போல் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினதும், பாவி மனுஷிக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் பிரசங்கத்தின் நடுவில் இருந்தபோது கோயிலுக்குள் கஞ்சி வாசம் வந்தது. முதலில் பிள்ளைகள் திரும்பின. பிறகு பெரியவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வந்தவர்கள்தான் பாதிப் பேர். ஐயர் சொன்னதையே திரும்பச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன், அக்கா தன் இடத்தில் இல்லை.

வெளியே வந்தால், சபை விருந்துக்கு வைத்திருக்கும் அண்டா முற்றத்தில் கல்லடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருந்தது. பனைமட்டை திகுதிகுவென்று எரிந்தது. அக்கா அகப்பையும் கையுமாக நின்றாள். ஏலம் விடுகிற உபதேசியார், "அரிசி எங்கம்மா?" என்றார்.

"இதுக்குள்ளதான் கெடக்கு. ஏலம் போடுங்க."

கமிட்டிக்காரர்கள் பாய்ந்தார்கள். காணிக்கையைத் தொட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஐயருக்கு முகம் வெளிறிவிட்டது. ஞானையா அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு விலை சொன்னார். ஆங்காரத்தில் சொன்ன விலை. எதிர்த்துக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

"இப்ப கஞ்சி என்னுது. மாட்டுக்கு ஊத்துவேன், மண்ணுல ஊத்துவேன். எவ கேக்கது?"

அக்கா அகப்பையை அவர் கையில் கொடுத்தாள். "ஒருத்தரும் கேக்க மாட்டோம் அண்ணாச்சி. உங்க கையாலயே ஊத்துங்க."

அதற்குள் பெண்கள் வீட்டுக்கு ஓடிப் பாத்திரம் எடுத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டார்கள். முதலில் அருளாயி, கையில் ஈயச் சட்டியோடு. கம்மல் போன காது மூளியாக இருந்தது. அண்ணாச்சி அவளைப் பார்த்தார், காதைப் பார்த்தார். பிறகு குனிந்து ஓர் அகப்பை மொண்டு ஊற்றினார். அடுத்த சட்டி வந்தது. மல் ஜிப்பாவில் கஞ்சி தெறித்தது. அவர் வீட்டம்மா அகப்பையை வாங்க வந்தபோது தரமாட்டேன் என்று தலையாட்டினார். அண்டா அடி தெரிகிற மட்டும் அவரேதான் ஊற்றினார்.

இதனால் வீடு தப்பியது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரமே காலி பண்ணச் சொன்னார்கள். அந்தத் தீர்மானத்துக்கு ஞானையா அண்ணாச்சியும் கை தூக்கினார். அதுவும் அதே கைதான். காணிக்கையைத் தொட்டது தொட்டதுதானே என்றாராம். அருளாயி வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக் குடிசைக்குள் நாங்கள் போய் ஒண்டினோம். அக்காவை நான் திட்டாத திட்டு இல்லை.

சனிக்கிழமை வந்தது. அக்காவுக்குப் பதிலாகப் போட்டிருந்த புதுப்பெண் சாக்கோடு தெருவுக்குள் வந்தாள். அக்கா குடிசை வாசலில் நின்று, கால் மாற்றிக் கால் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப்பெண் அருளாயி வாசலில் சாக்கை விரித்தாள்.

அருளாயி வெளியே வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"எங்க வீட்டுல இன்னைக்கு உல வைக்கல தாயி" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

புதுப்பெண் அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் ஒருத்தி கையை விரித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.