நனையாத இருக்கை

நத்தார்ப் பண்டிகை முடிந்த கிழமை, மறைக்கல்விப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போக எங்கள் கோவில் பங்கில் ஒரு பஸ் பிடித்தார்கள். நறுவிலிக்குளத்திலிருந்து தெற்கே, கொண்டச்சிப் பக்கமாக, கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பற்றைக்காட்டை வெட்டி யாரோ புதிதாக ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் அதை 'வோட்டர் பார்க்' என்றார்கள். தாய்மாரும் வரலாம் என்று சிஸ்டர் கோவிலில் அறிவித்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் நான்தான். எனக்கு ஊர் பார்க்கும் ஆசை ஒன்றும் இல்லை. என் மகளின் காது நனையாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

அவளுக்கு அப்போது பத்து வயது. இரண்டு காதிலும் மெசின் போட்டிருப்பாள். அது இல்லாவிட்டால் பக்கத்தில் பட்டாசு வெடித்தால்தான் திரும்பிப் பார்ப்பாள். இது இரண்டாவது சோடி. முதல் சோடியைப் போட்டுக்கொண்டே ஒருநாள் கிணற்றடித் தொட்டிக்குள் குதித்துவிட்டாள். நான் அதைத் துடைத்து, வெயிலில் வைத்து, அரிசி வாளிக்குள் புதைத்துவைத்து, தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்தேன். அது பிறகு பேசவே இல்லை. அடுத்த சோடி கைக்கு வர ஐந்து மாதம் எடுத்தது. அந்த ஐந்து மாதமும் என் பிள்ளை வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய பேச்சு தேய்ந்தது. 'தண்ணி' என்பது 'தணி' ஆயிற்று. பிறகு அதையும் சொல்லாமல் செம்பைத் தூக்கிக் காட்டத் தொடங்கினாள். நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் என் பிள்ளையின் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுசு தரும்போது கிளினிக்கில் இருந்த மிஸ், "அம்மா, தண்ணி மட்டும் படக்கூடாது. உங்களுக்குத் தெரியும்தானே" என்றார். எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு முகம் கழுவக்கூட அவளை நான் தனியே விட்டதில்லை.

அன்று காலை வாடைக்காற்று பலமாக இருந்தது. பஸ்ஸுக்குள்ளேயே பிள்ளைகள் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அப்படியும் பூங்கா வாசலில் இறங்கினதும் ஒரே ஓட்டம். சின்னக் குளங்கள், குழாய்ச் சறுக்குகள், நடுவில் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு படகுச் சறுக்கு. பைபர் படகு ஒன்றில் நாலு பேர் இருக்கலாம். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. சங்கிலி அதை ஒரு வீட்டுக் கூரை உயரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். மேலேயும் அதே சங்கிலி இழுக்க, ஒரு வாய்க்காலில் வளைந்து போய், அந்தப் பக்கம் சரிவில் விழுந்து, கீழே குளத்துக்குள் தண்ணீரைப் பிளந்துகொண்டு போய் நிற்கும்.

"அம்மா, நானும் அதில ஏறப்போறன்."

"அப்ப மெசினைக் கழட்டித் தா."

"வேண்டாம். கழட்டினா ஒண்டும் கேக்காது. அவையள் கத்துறதைக் கேக்கவேணும்."

அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சரிவில் விழும்போது போட்ட கூச்சல் வாசல்வரை வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்க அவள் ஆசைப்பட்டாள். ஐந்து மாதம் எதையும் கேட்காமல் இருந்த பிள்ளை கேட்பது இதைத்தான். என்னால் மறுக்க முடியவில்லை.

அதனால் குளத்துக் கரையில் நின்று, வருகிற படகுகளை ஒவ்வொன்றாகக் கவனித்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் தொப்பலாக இறங்கினார்கள். பின்வரிசையில் வலப்பக்கம் இருந்தவர்கள் பாதி நனைந்தார்கள். காற்று அந்தப் பக்கமாகத்தான் தண்ணீரை வாரி எறிந்தது. முன்னால் பருத்த ஆட்கள் இருந்தால் படகின் மூக்கு தாழ்ந்து, தண்ணீர் கூரை மாதிரி எழும்பி விழுந்தது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவ்வளவு இல்லை. பின்வரிசை, இடப்பக்கம், முன்னால் இரண்டு மெல்லிய பிள்ளைகள். அதுதான் நனையாத இருக்கை என்று முடிவெடுத்தேன். மகளின் தலைக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, அதன்மேல் மழைக்கோட்டின் தலைப்பாகத்தை இழுத்து நாடியில் முடிந்தேன். நானும் ஒரு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டேன். சிஸ்டர் பார்த்துச் சிரித்தார்.

"டீச்சர், பிள்ளையை நிலாவுக்கு அனுப்பப் போறீங்களோ?"

"நிலாவில தண்ணி இல்லை சிஸ்டர். அங்க எண்டா பயமில்லாமல் அனுப்பலாம்."

வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற பெரிய ஆட்களை முன்னே விட்டு, இரண்டு மெலிந்த பிள்ளைகள் வரும்வரை காத்திருந்து ஏறினோம். சரிவில் விழும்போது நான் அவள் தலையை என் மார்போடு அமர்த்திப் பிடித்தேன். தண்ணீர் இரண்டு பக்கமும் எழுந்தது. வலப்பக்கம் இருந்த என் தோளை நனைத்தது. அவளுக்கு ஒரு துளி மூக்கில் பட்டது, அவ்வளவுதான். கரையில் இறங்கி மழைக்கோட்டை அவிழ்த்துக் காதைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த காது. மெசினும் காய்ந்து கிடந்தது. அவள் துள்ளினாள். "அம்மா, எல்லாம் கேட்டது! முன்னுக்கு இருந்தவள் 'ஐயோ மாதாவே' எண்டு கத்தினவள், அதுவும் கேட்டது!" எனக்கும் பெருமை பிடிபடவில்லை. இன்னொருக்கால் போவம் என்று அவள் கேட்டாள். போகலாம் என்று நான்தான் சொன்னேன்.

இரண்டாம் முறை படகு மேலே ஏறி, சரிவின் விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. சங்கிலியின் கரகரச் சத்தம் அடங்கியது. கீழே பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒலிபெருக்கியும் அடங்கியது. கரண்ட் போய்விட்டது. எங்களோடு முன்வரிசையில் யாரும் இல்லை. ஆட்கள் குறைந்திருந்ததால் எங்கள் இருவரையும் மட்டும் ஏற்றி விட்டிருந்தார்கள். கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் கையை வாயில் குவித்து, "எழும்பாதீங்க! ஜெனரேட்டர் போடுறம்!" என்று கத்தினார்.

அப்போதுதான் வடக்கே பார்த்தேன். பற்றைக்காட்டுக்கு மேலே மழை சுவர் மாதிரி நின்றது. நான் படகின் தண்ணீரைப் பற்றி யோசித்தேன், காற்றைப் பற்றி யோசித்தேன், இருக்கையைப் பற்றி யோசித்தேன். மார்கழியில் வானத்தைப் பற்றி யோசிக்க மறந்துபோனேன். மழை வந்து எங்கள்மேல் சரிவாக அடித்தது. முதல் வீச்சிலேயே காற்று மகளின் மழைக்கோட்டுத் தலைப்பைப் பின்னால் தள்ளி, பிளாஸ்டிக் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

நான் அவள் காதிலிருந்து மெசின்களை இழுத்தேன். "வேண்டாம் அம்மா, வேண்டாம்" என்று அவள் தலையை ஆட்டினாள். கேட்காமல் கழற்றி, சின்னப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைச் சொப்பிங் பைக்குள் வைத்து முடிந்து, சட்டைக்குள் நெஞ்சோடு செருகினேன். அதற்கு மேலே கையை மடித்து இறுக்கிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரை மணி நேரம் என்று பிறகு சிஸ்டர் சொன்னார். ஒதுங்க இடமில்லை. எழும்பினால் படகு ஆடியது. கீழே ஜெனரேட்டர் இருமி இருமி அடங்கியது. மகளின் பற்கள் அடித்துக்கொண்டன. "அம்மா, என்ன நடக்குது? அவையள் என்ன சொல்லினம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பதில் சொன்னேன். கரண்ட் போயிட்டுது, இப்ப வந்திடும், பயப்பிடாத. வழக்கமாக அவள் என் உதட்டைப் பார்த்தே பாதி விளங்கிக்கொள்வாள். அன்று மழை கண்ணில் அடிக்க அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. நான் சொன்னது எதுவும் அவளிடம் போய்ச் சேரவில்லை. பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி இருக்கிற பிள்ளைக்கு ஒரு சொல்லைக் கொடுக்க வழியில்லாமல் நான் இருந்தேன்.

பிறகு ஒருவர் பக்கத்துக் கம்பிப் படியால் ஏறி வந்தார். நரைத்த தாடி, இடுப்பில் கயிறு. முசலிப் பக்கத்து முஸ்லிம் ஆள், நாங்கள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர்களில் ஒருவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"தங்கச்சி, மொதல்ல புள்ளயத் தாங்க. தூக்கப்போறன்னு புள்ளகிட்டச் சொல்லுங்க."

"அவளுக்குக் கேக்காது நானா!"

"அப்ப கையால காட்டுங்க!"

நான் ஒரு கையால் காட்டினேன். அவரைக் காட்டி, கீழே காட்டினேன். மற்றக் கை நெஞ்சில் இருந்தது. மகள் கண்ணைத் திறந்தபோது பார்த்தது, தெரியாத ஒரு மனிதரின் இரண்டு கைகளையும், என்னைவிட்டுப் போ என்பதுபோல் நீண்டிருந்த என் கையையும்தான். அவள் போட்ட சத்தம் ஒரு சொல்லாகவே இல்லை. என் மழைக்கோட்டின் கையை எட்டிப் பிடித்தாள். ஈரத்தில் அது வழுக்கியது. திரும்பப் பிடித்தாள். மறுபடி வழுக்கியது. அவர் அவளை இடுப்போடு அணைத்துத் தூக்க, அவள் அவர் கையைக் கடித்தாள். அவர் விடவில்லை. "அல்லாஹ், அல்லாஹ், ஒண்ணுமில்ல மகளே" என்று அவளுடைய கேட்காத காதுக்குச் சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு படியாக இறங்கினார். அந்தக் கூச்சல் கீழே போய்ச் சேரும்வரை நான் மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் இறங்கியபோது தகரக் கொட்டிலுக்குள் சிஸ்டர் அவளைத் துவாயால் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தியிருந்தார். அந்த மனிதர் கையை உதறிக்கொண்டு நின்றார். பல் பதிந்த இடம் சிவந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்க, "புள்ள பயந்துட்டுது, பாவம். தேத்தண்ணி குடுங்க" என்றுவிட்டுப் போனார்.

நான் செய்த முதல் வேலையைச் சொல்லிவிடவேண்டும். மகளின் தலையை நான் துடைக்கவில்லை. திரும்பி நின்று, சட்டைக்குள்ளிருந்த பையை எடுத்து, முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, பெட்டியைத் திறந்தேன். இரண்டும் காய்ந்திருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் திரும்பி அவளிடம் நீட்டினேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அவள் சிஸ்டரின் பக்கத்தில் இருந்தாள். பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். அவள் யன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து, அதன் அதிர்வில் தலை ஆட ஆட வந்தாள். சந்தியில் குடையோடு நின்ற என் வீட்டுக்காரர் முதலில் கேட்டது, "மெசின் நனையேல்லைத்தானே?" என்று. நான் அவர் கையைக் கிள்ளினேன். மகள் அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிரவே காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் காய்ந்தது. மருந்து குடித்தாள், கஞ்சி குடித்தாள், மெசினை மட்டும் போடவில்லை. மேசையில் வைத்தால் அலுமாரிக்குள் வைத்தாள். அலுமாரியிலிருந்து எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் திரும்பவும் அலுமாரிக்குள் போயிற்று. காதில் வைக்கப் போனால் இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். தகப்பன் பொம்மைக் கடை, ஐஸ்கிறீம் என்றெல்லாம் ஆசை காட்டிப் பார்த்தார். நான் அதட்டியும் பார்த்தேன். கேட்காத பிள்ளையை அதட்டி என்ன செய்ய? வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் போனாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் அவளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். முதுகு என் பக்கம் இருக்க, அவளாகவே பேசினாள்.

"நீங்கள் அதைத்தானே பிடிச்சனீங்கள்."

என் கையில் சீப்பு நின்றது.

"நான் ரெண்டுதரம் பிடிச்சனான். நீங்கள் என்னைப் பிடிக்கேல்லை. அதைத்தான் பிடிச்சனீங்கள்."

சத்தம் ஏறி இறங்காமல், தனக்குக் கேட்காத குரலில் சொன்னாள். நான் என்னென்னவோ சொன்னேன். உனக்காகத்தான், நீ திரும்பப் பேசாமல் போயிடுவாய் என்ற பயத்தில்தான் என்று அவள் முதுகுக்குச் சொன்னேன். பிறகுதான் உறைத்தது. எழும்பி அவளுக்கு முன்னால் வந்து, நிலத்தில் இருந்து, அவள் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினேன். மெதுவாக, உதட்டை நன்றாக அசைத்து, "பிழை அம்மாவிலதான்" என்றேன்.

அவள் என் வாயைப் பார்த்தாள். சரியாக, கண் இமைக்காமல் பார்த்தாள்.

"கேக்கேல்லை" என்றாள்.

நான் இன்னொருமுறை சொன்னேன். கண்ணீர் வர, உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"கேக்கேல்லை அம்மா" என்று சொல்லி, சீப்பை என் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தைத் தானே இழுத்தாள்.

பள்ளிக்கூடத் தவணை தொடங்கிய அன்று காலையில் அலுமாரியைத் திறந்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று, இரண்டையும் தானாகவே காதில் மாட்டினாள். யாரும் சொல்லவில்லை. தகப்பன் சைக்கிள் மணியை அடிக்க, "வாறன் அப்பா" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஓடினாள். அன்றைக்கும் பிறகும் பேச்சு வழக்கம்போலத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடக் கதை சொல்கிறாள், சண்டை பிடிக்கிறாள், பாட்டுப் பாடுகிறாள். அன்று நான் சொன்னது அவளுக்கு விளங்கினதா என்று கேட்க, மெசின் போட்டிருக்கிற எத்தனையோ பின்னேரங்கள் எனக்குக் கிடைத்தன. நான் கேட்கவில்லை.